பெர்க்சன் சொன்னது மனக்கடிகாரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் காலத்தைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தத்துவத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது இன்றைக்குச் சுலபமாக நடக்கிற காரியம் அல்ல, அதற்கு நன்றி. ஆனால் பக்கத்தின் நடுவே, பெட்டி கட்டித் தடித்த எழுத்தில் போட்டிருந்த மூன்று வரிகளை அப்படியே விட்டுவிட முடியவில்லை. "மனதுக்குள் ஒரு கடிகாரம் உண்டு, மகிழ்ச்சியில் அது வேகமாக ஓடும், சலிப்பில் மெதுவாக ஓடும். பெர்க்சன் இதைத்தான் நீடிப்பு என்றார். 1922-இல் ஐன்ஸ்டைன் அதைத் தவறென்று நிரூபித்துவிட்டார்." முதல் வரி உளவியல் கருதுகோள் ஒன்றைத் தலைகீழாகச் சொல்கிறது. பிரெஞ்சுத் தத்துவஞானி ஆன்றி பெர்க்சனைப் பற்றிய இரண்டாவது வரி முழுத் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியும் கட்டுரையாளர் நினைக்கிற இடத்தில் இல்லை. கட்டுரையின் கடைசியில் வாசகர்களுக்குக் கொடுத்திருந்த பத்து நாள் சோதனையும் இதே குழப்பத்தில் பிறந்ததுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கடிகாரம். எந்தக் கடிகாரத்தைப் பிரித்தாலும் அடிப்படை உறுப்புகள் இரண்டுதான்: ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நிகழும் ஓர் அசைவு, அந்த அசைவை எண்ணுகிற ஓர் அமைப்பு. பழைய சுவர்க் கடிகாரத்தில் ஊசலும் பல்சக்கரமும். சாதாரணக் கைக்கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமும் அதை எண்ணும் மின்சுற்றும். அணுக்கடிகாரத்தில் சீசியம்-133 அணு. அந்த அணுவின் குறிப்பிட்ட இரு ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான மாற்றத்துக்குரிய கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு விநாடி. 1967 முதல் உலகம் முழுவதற்கும் இதுவே வரையறை.

இந்த அதிர்வும் அடுத்த அதிர்வும் சம அளவு என்று எப்படித் தெரியும்? இரண்டு கோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். போன விநாடியைத் திருப்பிக் கொண்டுவந்து இந்த விநாடியின் பக்கத்தில் வைக்க வழியில்லை. இரண்டு கால இடைவெளிகள் சமம் என்பதை நேரடியாக உணரும் திறன் நமக்கு இல்லை என்று 1898-இலேயே கணிதவியலாளர் ஆன்றி புவான்காரே எழுதினார். நடைமுறையில் செய்வது இதுதான்: கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம், எதை நம்பினால் இயற்கை விதிகள் எளிமையாக நிற்கின்றனவோ அதைத் தரமாக எடுத்துக்கொள்கிறோம். பூமியின் சுழற்சிதான் முதலில் தரம்; ஒரு நாளில் 86,400-இல் ஒரு பங்கு விநாடி. சுழற்சி சீராக இல்லை என்று தெரிந்ததும் 1960-இல் பூமி சூரியனைச் சுற்றும் ஆண்டுக்கு மாறினார்கள், ஏழே ஆண்டில் அணுவுக்கு மாறினார்கள். பூமியும் அணுவும் ஒத்துப்போகாததால் 1972 தொடங்கி 2016 முடிவதற்குள் 27 தடவை ஒரு விநாடியைக் கூடுதலாகச் செருக வேண்டியிருந்தது. கணினி அமைப்புகள் இந்தச் செருகலில் தடுமாறுவதால், 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுவதென்று 2022-இல் முடிவாயிற்று.

இதனால் கடிகாரம் பொய் என்று ஆகிவிடாது. கடிகாரம் எதைச் செய்கிறது என்பது மட்டும் தெளிவாகிறது. ரயில் ஏழு மணிக்கு வந்தது என்றால், சின்ன முள் ஏழைக் காட்டுவதும் ரயில் வந்து நிற்பதும் உடன்நிகழ்ந்தன என்று பொருள். இந்த உதாரணம் ஐன்ஸ்டைனுடையது, 1905 கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கிறது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, 1889-இல், பெர்க்சன் தன் முதல் நூலில் எழுதியதும் கிட்டத்தட்ட இதுவே: கடிகாரம் உடன்நிகழ்வுகளை எண்ணுகிறது, இரண்டு உடன்நிகழ்வுகளுக்கு நடுவே நடப்பது கணக்குக்குள் வருவதில்லை. கடிகாரத்தின் வேலை என்ன என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. கட்டுரையாளர் இதைக் கவனித்திருந்தால் பெட்டியே வேறு மாதிரி வந்திருக்கும்.

நடுவே நடப்பது விட்டுப்போகிறது என்பதைக் காட்ட பெர்க்சன் ஒரு கற்பனை செய்தார். பிரபஞ்சத்தில் உள்ள எல்லா அசைவுகளும் இரண்டு மடங்கு வேகமாக நடக்கட்டும். கடிகாரமும் கோள்களும் சேர்ந்தே வேகமாவதால் எந்தச் சமன்பாட்டிலும் ஓர் எண்கூட மாறாது. ஆனால் வாழ்கிற ஒருவருக்கு அந்த நாள் மெலிந்துபோனது தெரிந்துவிடும் என்றார். பெர்க்சனை விரும்பிப் படிப்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். இந்த வாதம் பார்வைக்குத் தெரிகிற அளவு பலமானது அல்ல. எல்லா அசைவும் என்றால் மூளையின் நரம்பசைவும் அதில் அடக்கம்; அதுவும் இரண்டு மடங்கானால், தெரிந்துகொள்ள யார் மிச்சம் இருக்கிறார்? உணர்வு மூளைச் செயலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது என்று முன்பே ஒப்புக்கொண்டால்தான் வாதம் நிற்கும். பெர்க்சன் அப்படி நம்பியவர்தான். நம்பாதவருக்கு இதை ஆதாரமாகக் காட்டுவதில் பயனில்லை. நீடிப்பு என்ற கருத்துக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று மணியோசை. ஏதோ வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் கடிகாரம் அடிக்கிறது. நான்கு அடித்து முடித்தபின்தான் கவனம் அங்கே திரும்புகிறது. எண்ணவில்லை, ஆனாலும் நான்கு என்று சொல்லிவிட முடிகிறது. எப்படி? மூன்று அடித்திருந்தால் கேட்டதன் மொத்தத் தன்மை வேறாக இருந்திருக்கும். அடிகள் தனித்தனி மணிகளாக வரிசையில் நிற்கவில்லை. ஒன்றினுள் ஒன்று கலந்து, ஒவ்வொன்றும் முழுமையின் சாயலை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. எண்ணத் தொடங்கும்போதுதான் அவற்றைப் பிரித்து, மனத்திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறோம். அந்த நிறுத்தல் இடத்தைச் சேர்ந்தது, காலத்தைச் சேர்ந்தது அல்ல என்பதே பெர்க்சனின் கூற்று. நீடிப்பு என்று அவர் சொன்னது பிரிப்பதற்கு முன்னால் உள்ள அந்தக் கலப்பை. அதற்கு வேகம் என்று ஒன்று கிடையாது. வேகம் என்றாலே இத்தனை விநாடிக்கு இத்தனை என்று எண்ணியாகிவிட்டது. ஆகவே "மனக்கடிகாரம் வேகமாக ஓடுகிறது" என்ற வாக்கியம், பெர்க்சன் எதைத் தவறு என்றாரோ அதையே அவர் வாயில் போடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு, பாட்டை வைத்து ஒரு வழி இருக்கிறது. கைபேசியில் உள்ள பியானோ செயலி போதும். இதுவரை கேட்டிராத ஒரு மெட்டின் ஏழெட்டு ஸ்வரங்களை, ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு அரை விநாடி இடைவெளி விட்டு ஒலிக்கச் செய்யுங்கள். மெட்டு கேட்கும். இடைவெளியை ஒரு விநாடி ஆக்குங்கள், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஏறத்தாழ இரண்டு விநாடியைத் தாண்டும்போது மெட்டு கரைந்து, தனித்தனி ஒலிகள் மட்டும் மிஞ்சும். தாளம் தட்டிக் காட்டும் கருவிகளான பழைய மெட்ரோனோம்களில் மிக மெதுவான அளவு நிமிடத்துக்கு 40, அதாவது ஒன்றரை விநாடிக்கு ஒரு தட்டு. அதற்குக் கீழே போனால் தாளம் என்ற உணர்வே தளர்ந்துவிடுகிறது.

சோதனை கெடுவது மூன்று காரணங்களால். தெரிந்த பாட்டை எடுத்தால் இடைவெளியை மனம் தானே பாடி நிரப்பிவிடும். விரலாலோ காலாலோ தட்டினால் ஐந்து விநாடி ஐந்து ஒரு விநாடிகளாக உடைந்துவிடும். ஸ்வரத்தை நீளமாக ஒலிக்கவிட்டால் இடைவெளியே இல்லாமல் போகும். குறுகிய ஒலியாக இருக்க வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம், ஐந்து விநாடி இடைவெளியிலும் நினைவு சரியாகவே இருக்கிறது என்பது. முதல் ஸ்வரம் என்ன என்று கேட்டால் சொல்ல முடிகிறது. நினைவில் எல்லா ஸ்வரங்களும் இருந்தும் மெட்டு இல்லை. அப்படியானால் மெட்டைத் தாங்குவது நினைவுகூர்தல் அல்ல. அதற்கு முந்தைய வேறொன்று. இந்த வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியவர் தத்துவஞானி எட்மண்ட் ஹுசர்ல், 1905-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நடத்திய விரிவுரைகளில். அவை 1928-இல் ஹைடெக்கரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வந்தன. இப்போது ஒலிக்கும் ஸ்வரத்தோடு, சற்றுமுன் ஒலித்தது "சற்றுமுன்" என்ற தன்மையோடே பிடிபட்டு நிற்கிறது. வரப்போவதை நோக்கி ஒரு சாய்வும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததே ஒரு "இப்போது". கடைசி ஸ்வரம் பிசகினால் திடுக்கிடுகிறோமே, அது அந்தச் சாய்வு இருந்ததற்கு அடையாளம். நேற்றுக் கேட்ட பாட்டை இன்று நினைத்துப் பார்ப்பது வேறு செயல்; அதை வேண்டும்போது தொடங்கலாம், நிறுத்தலாம். பிடிபட்டு நிற்பதை அப்படிச் செய்ய முடியாது.

தமிழ் வாசகருக்கு இதற்குப் பாட்டுகூட வேண்டாம், பேச்சே போதும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகச் சொல்கிறது. ஆனால் அளவுகோல் வைத்து யாரும் கேட்பதில்லை. மெதுவாகப் பேசுபவரின் குறில், விரைந்து பேசுபவரின் நெடிலைவிட மில்லிவிநாடிக் கணக்கில் நீண்டிருக்கலாம். அப்போதும் "கல்" என்றது "கால்" என்று கேட்பதில்லை. ஒலியின் நீளம் அதைச் சூழ்ந்த பேச்சின் நடையோடு கலந்தே கேட்கப்படுகிறது. தனியே வெட்டி எடுத்து அளந்தால் கிடைக்கும் எண், கேட்டதற்கு ஈடாகாது.

கிறிஸ்தவச் சிந்தனையாளர் புனித அகுஸ்தினார் ஏறத்தாழ கி.பி. 400-இல் இதே இடத்தில்தான் நின்றார். குறில் முடிந்தபின்தானே நெடில் தொடங்குகிறது, முடிந்துபோனதை எதன் பக்கத்தில் வைத்து இரண்டு மடங்கு என்கிறேன் என்று கேட்டார். மனம் விரிந்து நிற்கிறது, அதில் பதிந்ததையே அளக்கிறேன் என்பது அவர் கண்ட விடை. ஹுசர்ல் தம் விரிவுரைகளை அகுஸ்தினாரைக் குறிப்பிட்டே தொடங்கினார். பெர்க்சனின் வழி இங்கே பிரிகிறது: அகுஸ்தினார் இன்னும் அளக்கத்தான் பார்க்கிறார், பெர்க்சன் அளப்பதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கிறார்.

நீடிப்பு என்பது தலைக்குள் மட்டும் நடப்பது என்ற எண்ணமும் கட்டுரை முழுக்க ஓடுகிறது. 1889 நூலை மட்டும் படித்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. 1907-இல் அவர் எழுதியது அதைக் கடந்துவிடுகிறது. தண்ணீரில் சர்க்கரை போட்டால் கரையும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். கரைதலின் விதியைச் சமன்பாடாக எழுதிவிடலாம்; தொடக்கமும் முடிவும் ஒரே தாளில் ஒரே சமயத்தில் இருக்கும். டம்ளருக்குள் அப்படி இல்லை. காத்திருப்பின் அளவு காத்திருப்பவரின் விருப்பப்படி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பொருள்களும் நீடிக்கின்றன என்பதுதான் அந்த உதாரணத்தின் பொருள். 

இனி 1922. ஏப்ரல் 6 அன்று பாரிஸில், பிரெஞ்சுத் தத்துவக் கழகத்தின் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். பெர்க்சன் விரிவாகப் பேசினார். ஐன்ஸ்டைன் சுருக்கமாகப் பதில் சொன்னார்: இயற்பியலாளரின் காலம் உண்டு, உளவியல் காலம் உண்டு, தத்துவஞானிகளின் காலம் என்று மூன்றாவது ஒன்று இல்லை. இது ஒரு நிலைப்பாடு, நிரூபணம் அல்ல. அன்று அரங்கில் எதுவும் நிரூபிக்கப்படவும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் நோபல் பரிசு விழாவில் ஐன்ஸ்டைனை அறிமுகப்படுத்திய உரையில்கூட, பெர்க்சன் சார்பியலை (வேகத்தையும் ஈர்ப்பையும் பொறுத்துக் காலம் கழிவது மாறும் என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை) எதிர்த்து வாதிடுவது குறிப்பிடப்பட்டது. அந்தக் காலத்தில் அவர் குரலுக்கு இருந்த எடை அவ்வளவு. (இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெர்க்சனுக்கே 1927-க்கு உரியதாகக் கிடைத்தது.)

பெர்க்சன் தவறியது அந்தக் கூட்டத்தில் அல்ல, அதே ஆண்டு வெளியிட்ட நூலில். இயற்பியலாளர் பால் லாஞ்ஜெவன் 1911-இல் ஒரு பயணியைக் கற்பனை செய்திருந்தார்: ஒளியின் வேகத்தை நெருங்கிப் போய்த் திரும்புகிறவருக்கு இரண்டு ஆண்டு கழிய, பூமியில் இருநூறு ஆண்டு கழிந்திருக்கும். பெர்க்சன் இதை ஏற்கவில்லை. வாழப்படுகிற காலம் ஒன்றே. மற்றவருடைய மெதுவான காலம் கணக்குக்காக ஒட்டவைத்த நிழல். பயணி திரும்பிவந்தால் இரு கடிகாரமும் ஒத்தே இருக்கும் என்றார். போனவர் திசை திரும்புகிறார், இருந்தவர் திரும்பவில்லை. இருவர் நிலையும் சமச்சீர் அல்ல என்பதை அவர் விட்டுவிட்டார்.

1971 அக்டோபரில் இயற்பியலாளர் ஹாஃபெல், வானியலாளர் கீட்டிங் இருவரும் நான்கு சீசியம் கடிகாரங்களைச் சாதாரணப் பயணி விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது, கிழக்கு நோக்கிப் போனவை 59 நானோவிநாடி (நானோவிநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கியிருந்தன, மேற்கு நோக்கிப் போனவை 273 நானோவிநாடி முந்தியிருந்தன. வேகத்தின் விளைவும் ஈர்ப்பின் விளைவும் சேர்ந்த இந்த எண்கள், பிழை எல்லைக்குள் சார்பியலின் கணிப்போடு ஒத்துப்போயின. இன்றைக்கு ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரைக்கடிகாரங்களைவிட நாளுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவிநாடி முந்துகின்றன. ஈர்ப்பு குறைவால் 45 கூடுகிறது, வேகத்தால் 7 குறைகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் இடம் காட்டுவதில் நாளுக்குப் பல கிலோமீட்டர் பிழை சேரும். இந்த விஷயத்தில் பெர்க்சன் தோற்றார், தயக்கமில்லாமல் சொல்லலாம்.

ஆனால் தோற்றது எது? காலம் எல்லோருக்கும் ஒன்றே என்ற கூற்று. நீடிப்பு எண்ணிக்கை அல்ல என்ற கூற்று இந்தச் சோதனைகளில் இறங்கவே இல்லை. சார்பியலும் ஒவ்வொரு பாதைக்கும் அதற்கே உரிய காலம் உண்டு என்றுதான் சொல்கிறது. பயணிக்குத் தன் பாதையில் மெட்டு மெட்டாகவே கேட்கும், எதுவும் மந்தமாகத் தெரியாது. இருநூறு ஆண்டு இடைவெளி தெரிவது திரும்பிவந்து ஒப்பிடும்போதுதான். சூடான அடுப்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாகத் தெரியும், அதுதான் சார்பியல் என்று ஐன்ஸ்டைன் பெயரில் உலவும் நகைச்சுவையைக் கட்டுரையாளர் விளக்கமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். சார்பியல் விளைவு, பார்க்க ஆளே இல்லாத விமானப் பெட்டிக்குள்ளும் நடக்கிறது. அடுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

காலமே மாயை என்று நவீன இயற்பியல் சொல்லிவிட்டதாக ஒரு வரியும் உண்டு. அந்த முடிவுக்கு மிகப் பெயர்பெற்ற வாதம், தத்துவஞானி மெக்டகார்ட் 1908-இல் எழுதியது. அதில் இயற்பியலே இல்லை. கடந்தது, நிகழ்வது, வருவது என்ற வரிசையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒன்றுக்கொன்று முரணான மூன்று தன்மைகளையும் தர வேண்டியிருக்கிறது என்பதே அவருடைய வாதம். அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆய்வுக்கூடம் தீர்ப்பளித்த விஷயம் அல்ல.

சரி, மகிழ்ச்சியில் நேரம் பறக்கிறதே, சலிப்பில் நகர மறுக்கிறதே, அது உண்மைதானே? உண்மைதான். அது நீடிப்பைப் பற்றிய தத்துவக் கேள்வி அல்ல, கால மதிப்பீட்டைப் பற்றிய உளவியல் கேள்வி. அதற்கென்று தனி முறைகள் இருக்கின்றன. அங்கேயும் பெட்டிச் செய்தி தலைகீழாக நிற்கிறது. உளவியலாளர்கள் பயன்படுத்தும் மாதிரியில் துடிப்புகளை உண்டாக்கும் ஓர் உறுப்பு, கவனத்தால் திறந்து மூடும் ஒரு வாயில், துடிப்புகள் சேரும் ஒரு கொள்கலம் என்று மூன்று பகுதிகள். உள் துடிப்பு வேகமானால் அதே பத்து நிமிடத்தில் அதிகத் துடிப்பு சேரும். அப்போது வெளிநேரம் நீண்டதாகத் தெரிய வேண்டும், குறுகியதாக அல்ல. காய்ச்சல் கண்டவர்கள் விநாடிக்கு ஒன்று வீதம் எண்ணும்போது உடல் வெப்பம் கூடக்கூட வேகமாக எண்ணினார்கள் என்று 1933-இல் உடலியங்கியலாளர் ஹட்சன் ஹோக்லண்ட் எழுதினார். அவர்களுக்குக் கடிகாரம் மந்தமாகத் தெரியும். எனவே மகிழ்ச்சியில் நேரம் பறப்பதற்குக் காரணம் உள் துடிப்பு வேகமாவது அல்ல. கவனம் வேறு எங்கோ இருப்பதால் வாயில் மூடிக்கிடந்து துடிப்புகள் சேராமல் போவது.

திருக்குறள் இதை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறது பாருங்கள். "ஒருநாள் எழுநாள்போல் செல்லும்சேண் சென்றார் வருநாள்வைத்து ஏங்கு பவர்க்கு" (1269). ஏக்கம் மட்டும் போதாது, "வருநாள்வைத்து" ஏங்க வேண்டும். நாள் குறித்தாகிவிட்டது, கவனம் முழுக்க நேரத்தின் மேலேயே இருக்கிறது. அப்போதுதான் ஒன்று ஏழாகிறது.

இந்த மாதிரியையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. குகை ஆய்வாளர் மிஷெல் சிஃப்ரே 1962-இல் கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாமல் ஒரு நிலத்தடிக் குகையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தார். வெளியே வந்த நாள் செப்டம்பர் 14. அவருடைய சொந்தக் கணக்கில் ஆகஸ்ட் 20. விநாடிக்கு ஒன்று வீதம் 120 வரை எண்ணச் சொன்னபோது ஐந்து நிமிடம் பிடித்தது. அதேசமயம் அவர் உடலின் உறக்கவிழிப்புச் சுற்று ஏறத்தாழ இருபத்து நான்கரை மணி நேரத்தில் ஒழுங்காக ஓடியது. நாள் கணக்கு தப்பியது, விநாடிக் கணக்கு தப்பியது, உறக்கக் கணக்கு தப்பவில்லை. தலைக்குள் ஒரே கடிகாரம் என்ற எண்ணம் இதைத் தாங்குமா?

ஆபத்தில் நேரம் மெதுவாகிறது என்பதற்கும் இதே கதி. 2007-இல் வெளிவந்த சோதனையில், 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழச் செய்தார்கள். விழுந்தவர்கள் தம் வீழ்ச்சி, பிறர் வீழ்ச்சியைவிட ஏறத்தாழ 36 சதவீதம் நீண்டதாக மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டுத் திரையில் வேகமாக மின்னிய எண்களை, உண்மையிலேயே காட்சி மந்தமாகியிருந்தால் படித்திருக்க வேண்டும், படிக்க முடியவில்லை. நீண்டது நிகழ்ந்தபோது அல்ல, நினைத்துப் பார்த்தபோது.

இப்போது அந்தப் பத்து நாள் சோதனை. தினமும் ஒரு வேலையை முடித்ததும் எவ்வளவு நேரம் ஆனதாகத் தோன்றுகிறது என்று எழுதி, பிறகு கடிகாரத்தோடு ஒப்பிட்டு, பதில்களை அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். இதில் இரண்டு வகை மதிப்பீடுகள் கலந்துவிடும். நேரத்தைக் கேட்கப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்து மதிப்பிடுவது ஒன்று. தெரியாமல் இருந்து, முடிந்தபின் கேட்கப்படுவது இன்னொன்று. முதல் வகையில் வேலை கடினமாகக் கடினமாக நேரம் குறுகும், ஏனென்றால் கவனம் வேலைக்குப் போய்விடுகிறது. இரண்டாம் வகையில் பதிந்த நிகழ்ச்சிகள் கூடக்கூட நேரம் நீளும். இரண்டும் எதிரெதிர்த் திசை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதியதுபோல, பலவித அனுபவங்கள் நிறைந்த நேரம் கடக்கும்போது குறுகியும் திரும்பிப் பார்க்கும்போது நீண்டும் தெரியும். வெறுமையான நேரம் மறுதலையாக. எனவே "புதியவற்றைச் செய்யுங்கள், ஆயுள் நீளும்" என்ற அறிவுரை இரண்டாம் வகைக்கு மட்டுமே செல்லும். அந்தப் புதிய நாள் நடக்கும்போது சட்டென்று போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் செய்வதானால் இப்படிச் செய்யலாம். மதிப்பிடுபவர் வேறு, நேரம் குறிப்பவர் வேறாக இருக்கட்டும். ஸ்டாப்வாட்ச் குறிப்பவரிடம் மட்டும் இருக்கட்டும். சுவர்க் கடிகாரம், கைபேசி, பாட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம் (பாட்டின் நீளம் தெரிந்தால் அதுவே கடிகாரம்). 40 விநாடி, 90 விநாடி, 150 விநாடி என்று முழு நிமிடத்தில் விழாத இடைவெளிகளை எடுத்து, வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். மதிப்பிடுபவர் மனதுக்குள் எண்ணக்கூடாது. வெறுமனே எண்ணாதே என்றால் எண்ணத்தான் செய்வார், அதனால் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விநாடி முள்ளைப் பார்க்கவும் விடாதீர்கள்: சட்டென்று பார்வையைத் திருப்பினால் முதல் விநாடி நின்றுவிட்டதுபோல் நீளும், கண் பாயும் கணத்தின் வெற்றிடத்தை மூளை நிரப்பிக்கொள்வதால் வருவது அது.

விடையை எண்ணாகச் சொல்லச் சொல்வதா, அதே நீளத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வதா, "60 விநாடி ஆனதும் நிறுத்து" என்பதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். உள் துடிப்பு வேகமாக இருப்பவர் எண்ணாகச் சொன்னால் மிகைப்படுத்துவார், நிறுத்தச் சொன்னால் சீக்கிரமே நிறுத்திவிடுவார். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒன்றுமே தெரியாது. எண்ணாகச் சொல்பவர்கள் 5, 10, 15 என்று முழு எண்களில் போய் ஒட்டிக்கொள்வார்கள். திருப்பிக் காட்டும் முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நீண்ட இடைவெளிகளில் பொறுமை தீர்ந்து முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். ஒரே அமர்வில் பல நீளங்களைக் கொடுத்தால் குறுகியவை கூடுதலாகவும் நீண்டவை குறைவாகவும் மதிப்பிடப்பட்டு நடுவை நோக்கி இழுபடும். 1868-இல் ஜெர்மன் உடலியங்கியலாளர் கார்ல் ஃபியரோர்ட் கவனித்தது இது. சலிப்பின் விளைவு என்று அதைத் தவறாகப் படித்துவிட வேண்டாம்.

முன்னறிவிப்பில்லாத மதிப்பீட்டை ஓர் ஆளிடம் ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும். கேட்டுவிட்டால் அடுத்த முறை அவர் கேள்வியை எதிர்பார்த்திருப்பார். தங்கள் கட்டுரையிலேயே கேள்வி அச்சாகிவிட்டதால், பத்து நாள் பதில்களும் முதல் வகைதான். கட்டுரையாளர் அவற்றைக் கொண்டு நினைவில் காலம் எப்படி நீள்கிறது என்று விளக்கப்போவதாக அறிவித்திருப்பது நடக்காது. அதற்கு வேண்டுமானால் கட்டுரையைப் படிக்காத குடும்பத்தாரிடம், ஒரு வேலை முடிந்த கையோடு, ஆளுக்கு ஒரு முறை மட்டும் கேட்டு வாங்கிய பதில்களைத் தனியே அனுப்பும்படி அடுத்த இணைப்பில் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலோடு வேலை என்ன என்பதும், உண்மையில் ஆன நிமிடங்களும், பதில் சொன்னவர் இடையில் கடிகாரம் பார்த்தாரா என்பதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்